கனவு நிலவும் கசப்புக் கஷாயமும்

நிலவைப் பற்றிக் கதை கட்டாத பிள்ளை எந்நாட்டிலும் இல்லை. முயல் தெரிகிறது என்பான் ஒருவன். பாட்டி வடை சுடுகிறாள் என்பாள் ஒருத்தி. கேட்பவர் சிரிப்பர், பிள்ளையும் சிரிக்கும், கதை அவ்வளவில் முடியும். யானும் ஒரு கதை கட்டினேன். அப்போது எனக்கு வயது பத்து. என் கதை சிரிப்பில் முடியவில்லை. ஏழை மூதாட்டி ஒருத்தி இருந்த இடத்தை விட்டு ஓடுதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

இதனை இந்நாள்வரை யான் எழுதியதில்லை. இன்று எழுதத் துணிந்தது ஒரு நூலின் பொருட்டு. நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஜெர்மானிய வானநூற் புலவர் ஒருவர் எழுதிய நூல் அது. அதுவும் நிலவைப் பற்றிய கதையே. அதுவும் ஒரு மூதாட்டிக்குத் தீங்கு விளைத்தது என்று அதன் ஆசிரியரே நம்பி வருந்தினார். அம்மூதாட்டி வேறு யாருமல்லள். அவரைப் பெற்ற தாய்.

நூலின் பெயர் ‘கனவு’, லத்தீனில் ‘சோம்னியம்’. ஆசிரியர் யோகான்னஸ் கெப்ளர். செவ்வாய்க் கோள் கதிரவனைச் சுற்றும் வழி வட்டமன்று, நீள்வட்டம் என்று 1609-இல் உலகுக்கு அறிவித்த பேரறிஞர் அவர். அவருடைய கணித நூல்களை யான் படித்தறியேன், படித்தாலும் விளங்கா. இக்கனவு நூலோ என் முப்பத்தைந்தாம் வயதில், நகர நூலகம் ஒன்றின் அடித்தட்டில், ஆங்கில மொழிபெயர்ப்பாக என் கைக்குக் கிடைத்தது. மெலிந்த கதை, அதனினும் பன்மடங்கு தடித்த குறிப்புரை. நின்றவாறே படிக்கத் தொடங்கினேன். நூலகக் காவலர் விளக்கணைக்க வந்தபோதுதான் மாலையாயிற்று என்பதை உணர்ந்தேன்.

தாய் காட்டிய வானம்

கெப்ளர் 1571-இல் பிறந்தார். 1577-இல் பெரியதொரு வால்மீன் வானில் தோன்றிற்று. அக்காலத்தார் வால்மீனைக் கண்டால் பஞ்சம் வரும், கொள்ளைநோய் வரும், அரசன் மாள்வான் என்று நடுங்கினர். கெப்ளரின் தாய் கத்தரீனாவோ ஆறு வயதுச் சிறுவனை மேட்டுநிலத்துக்கு அழைத்துச் சென்று, வால்மீனைக் காட்டினார். அத்தாய் படித்தவரல்லர், மூலிகை அறிந்தவர், நோயுற்றோர்க்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பவர். எட்டாண்டுப் படிப்பினும் அவ்வோர் இரவு அவருடைய மகனுக்கு மிகுதியாகப் பயன்பட்டது என்று யான் கருதுவேன்.

மகன் வளர்ந்தான், கல்லூரி புகுந்தான். 1593-இல், ‘நிலவில் நின்று நோக்குவார்க்கு வானம் எவ்வாறு தோன்றும்?’ என்று ஓர் ஆய்வுரை எழுதினான். பேராசிரியர் அதனை அவையில் படிக்க இசையவில்லை. பூமி சுழல்கிறது என்னும் கொள்கை அதனுள் ஒளிந்திருந்ததே காரணம். பதினாறு ஆண்டுகள் கழித்து, பிராகு நகரில் பேரரசரின் கணிதப் புலவராக இருந்த காலத்தில், கெப்ளர் அவ்வாய்வுரைக்குக் கதைச் சட்டை தைத்து உடுத்தினார். அதுவே ‘கனவு’.

கதையை நடத்துகிறவன் துராகோட்டஸ் என்னும் ஐஸ்லாந்து இளைஞன். அவன் தாய் பியோல்க்ஸில்டா மூலிகை பறித்துச் சிறு தோற்பைகளில் அடைத்து மாலுமிகளுக்கு விற்பவள். இளமையில் அவன் ஆர்வத்தால் ஒரு பையைக் கிழித்துப் பார்க்கிறான். சினங்கொண்ட தாய் அவனையே கப்பல் தலைவனிடம் கொடுத்துவிடுகிறாள். அவன் டென்மார்க்கு சேர்ந்து, டைக்கோ பிராகே என்னும் பெரும் வானநூலாரிடம் கல்வி பயின்று, ஆண்டுகள் சில சென்றபின் வீடு திரும்புகிறான். மகன் வானம் கற்றதைக் கேட்டு மகிழ்ந்த தாய், தன்னிடமும் ஒரு வித்தை உண்டு என்று சொல்லி, ஓர் ஆவியை அழைக்கிறாள். தாயும் மகனும் தலையைத் துணியால் மூடிக்கொண்டு உட்காருகின்றனர். ஆவி பேசத் தொடங்குகிறது. அது வருணிக்கும் உலகம் லெவானியா. எபிரேய மொழியில் நிலவைக் குறிக்கும் சொல்லினின்று அப்பெயரை ஆக்கினார் கெப்ளர்.

லெவானியாவுக்குச் செல்லும் வழி எது? கிரகண காலத்தில் பூமியின் நிழல் நிலவைத் தொடுமல்லவா? அந்நிழலே பாலம். ஆவிகள் அதன் வழியாக நான்கு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும். மனிதனை உடன் கொண்டு செல்வதாயின் மயக்க மருந்து கொடுத்து உறக்க வேண்டும். இடைவெளியில் குளிர் கொடிது. மூச்சுக்குக் காற்று அரிது. ஆதலின் ஈரப் பஞ்சை மூக்கில் வைக்க வேண்டும். இவ்விடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே வந்தன. கிரகணம் பிடித்தால் கதவடைத்துக்கொண்டு உள்ளே இரு என்று என்னை வளர்த்தார்கள். இவரோ கிரகணம் பிடித்தால் புறப்படு என்கிறார்!

குளிரும் வெயிலும்

லெவானியா இரு பாதிகளாகப் பிரிந்த உலகம். நம் நிலவு என்றும் ஒரே முகத்தையே பூமிக்குக் காட்டுகிறது. ஆகவே அங்குள்ளோரில் ஒரு பாதியார் பூமியை எப்போதும் காண்பர். மறு பாதியார் ஒருபோதும் காணார். பூமி அங்கே வானத்தில் ஆணியடித்து மாட்டியதுபோல் ஓரிடத்திலேயே நின்று, தன்னைத்தான் சுழற்றிக்கொண்டிருக்கும். அச்சுழற்சி பற்றி அதற்கு ‘வொல்வா’ என்று பெயர். வொல்வாவைக் காணும் பாதி சப்வொல்வா. காணாத பாதி பிரிவொல்வா.

லெவானியாவில் ஒரு பகல் ஏறக்குறைய நம் பதினான்கு நாள். ஓர் இரவும் அவ்வளவே. பிரிவொல்வாவின் இரவைக் கெப்ளர் எழுதுமிடத்தில் கை விறைக்கிறது. நிலவு இல்லை, வொல்வாவும் இல்லை, இடையறாத இருள். பனிக்காற்று சீறுகிறது. நிலமெல்லாம் உறைபனி. இரு கிழமை கழித்துக் கதிரவன் எழும்போதோ, வெயில் ஆப்பிரிக்க வெயிலினும் பதினைந்து மடங்கு கொதிக்கிறது. சப்வொல்வாவில் இவ்வளவு கொடுமை இல்லை. அங்கே வொல்வாவின் ஒளி இரவைச் சற்றே சூடாக்குகிறது. முகிலும் மழையும் பகலைத் தணிக்கின்றன. ஒன்று நகரும் தோட்டமும் போன்றது. மற்றொன்று காடும் பாலையும் போன்றது என்பது கெப்ளர் தரும் உவமை.

சப்வொல்வாவினின்று பூமியை நோக்குவோர் என்ன காண்கின்றனர்? ஒரு மனிதனின் தலை. அத்தலை குனிந்து, நீண்ட ஆடை உடுத்த பெண்ணொருத்தியை முத்தமிடுகிறது. அவள் கையைப் பின்னே நீட்டி, துள்ளும் பூனையொன்றை அழைக்கிறாள். தலை ஆப்பிரிக்கா, பெண் ஐரோப்பா. நாம் நிலவின் கறைகளில் முயலைக் காண்பதுபோல் அவர்கள் நம் கண்டங்களில் பூனையைக் காண்கின்றனர். இதில் நகைச்சுவை மட்டுமா உள்ளது? தம் உலகம் அசையாமல் நடுவில் நிற்கிறது, வானமே சுற்றுகிறது என்று லெவானியர் உறுதியாக நம்புகின்றனர். நமக்கோ நிலவு ஓடுவது கண்கூடு. ஆகவே அவர்கள் நம்பிக்கையைக் கண்டு நகைப்போம். நகைத்து முடிக்குமுன் ஓர் ஐயம் எழும்: நம் நிலம் அசையாதது என்று நாம் நம்பியதும் இவ்வகைதானோ? அவ்வையத்தை எழுப்பவே இக்கதை எழுந்தது. பிறன் வீட்டிலிருந்து தன் வீட்டைப் பார்க்கச் சொல்லும் கதை இது.

அங்குள்ள உயிர்கள்

இனி, யான் மீண்டும் மீண்டும் படித்த பகுதிக்கு வருகிறேன். லெவானியாவில் நிலத்தில் பிறப்பன எல்லாம் பேருருவம் கொண்டவை. விரைந்து வளரும், விரைந்து மாயும். பிரிவொல்வாவில் வாழ்வோர்க்கு நிலையான வீடில்லை. ஒரு பகலுக்குள் கூட்டங் கூட்டமாகத் தம் உலகத்தைச் சுற்றி வருவர். சிலர்க்கு ஒட்டகத்தின் கால்களினும் நெடிய கால்கள், சிலர்க்குச் சிறகு, சிலர் வற்றிச் செல்லும் நீரைத் தொடர்ந்து ஓடத்தில் செல்வர். ஓடமுடியாதோர் குகைக்குள் ஊர்ந்து ஒளிவர்.

பெரும்பாலானவை மூழ்கி வாழும் உயிர்கள். மிக மெதுவாக மூச்சு விடும் இயல்புடையவை. ஆதலின் ஆழ்நீரின் அடியில் நெடிது தங்கும். மேல்நீர் கதிரவனால் கொதித்தாலும் அடிநீர் குளிர்ந்தே இருக்குமல்லவா? மேற்பரப்பில் சிக்கிக்கொண்டவை நண்பகலில் வெந்துபோகும். அலைந்து வரும் கூட்டத்துக்கு அவையே சமைத்து வைத்த உணவு. மூச்சின்றி இருக்க இயலாதவை குகைக்குள் வாழும். அவை வெந்நீரை நீண்டு குறுகிய கால்வாய் வழியாக உள்ளே வரவிடும்; வந்து சேருவதற்குள் நீர் ஆறிவிடும். அதனைக் குடித்துப் பகலெல்லாம் அடைந்து கிடந்து, மாலையில் இரை தேட வெளிப்படும்.

மரத்துக்குப் பட்டை, விலங்குக்குத் தோல், இவையே அங்கு உடம்பின் பெரும்பகுதி. அவை பஞ்சுபோல் துளைகள் நிறைந்தவை. பகலில் வெளியே அகப்பட்டால் மேற்றோல் இறுகிக் கருகும். மாலையில் ஓடாகக் கழன்று விழும். செடிகளோ பகலில் முளைத்து அப்பகலிலேயே மடியும்; மறுபகல் புதியன முளைக்கும். பாம்பின் இயல்பே எங்கும் மிகுந்துள்ளது. அவ்வுயிர்கள் நண்பகலில் இன்பத்துக்காகவே வெயில் காயும்; ஆனால் குகைவாயிலை விட்டு அகலமாட்டா. சில, பகல் வெப்பத்தில் மூச்சொடுங்கிச் செத்தனபோல் கிடந்து, இரவில் உயிர்த்தெழும். ஊசியிலை மரத்தின் காய்களைப் போன்ற பொருள்கள் நிலமெங்கும் சிதறிக் கிடக்கும். பகலில் அவற்றின் ஓடு வறுபடும். மாலையில் வெடித்துத் திறக்கும். உள்ளிருந்து உயிர்கள் வெளிவரும்.

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இக்கடைசிச் செய்தி புதிதன்று. வெயிலேறிய வேளையில் ரப்பர்க் காய்கள் படீர் படீரென வெடித்து விதை தெறிப்பதைக் கேட்டவர் நாம். கெப்ளர் அவ்வொலியைக் கேட்டதில்லை. ஆயினும், ‘வெயில் இத்தகையதாயின் விதை எத்தகையதாயிருக்கும்?’ என்று எண்ணி அங்கு வந்து சேர்ந்தார்.

அவர் முறையைக் கவனிக்க. முதலில் அசுரனைப் படைத்து, பிறகு அவனுக்கு இருப்பிடம் தேடவில்லை. முதலில் இடத்தை அளந்தார். பகல் எவ்வளவு, இரவு எவ்வளவு, குளிர் எவ்வளவு, நீர் எங்கே ஓடும் என்று கணக்கிட்டார். பின்னரே, ‘இங்கு ஓர் உயிர் வாழ வேண்டுமாயின் என் செய்யும்?’ என்று கேட்டார். ஓடும், அல்லது மூழ்கும், அல்லது குகைபுகும், அல்லது ஒரே பகலில் வாழ்ந்து முடிக்கும். டார்வின் தம் பெருநூலை வெளியிட்டது 1859-இல். உயிர்கள் மாறிவந்த வரலாற்றைக் கெப்ளர் அறியார். ஆயினும் இடத்தின் இயல்புக்கும் உயிரின் இயல்புக்கும் உறவு உண்டு என்னும் உண்மையை அவர் கதை பற்றிக்கொண்டு நிற்கிறது.

முடிதிருத்தும் கடையில் மூண்ட தீ

நூல் அச்சேறவில்லை. கைப்படி ஒன்று 1611-இல் பிராகு நகரை விட்டுச் சென்று, கை மாறி, கெப்ளரின் சொந்த நாட்டுப் பக்கம் சேர்ந்தது. முடிதிருத்தும் கடைகளில் அதைப் பற்றிப் பேச்செழுந்தது என்று பிற்காலத்தில் அவரே குறித்து வைத்தார். கதையில் வரும் மகன் டைக்கோவிடம் பயின்றவன்; கெப்ளரும் டைக்கோவுடன் பணியாற்றியவர். கதையில் வரும் தாய் மூலிகை விற்பவள். கெப்ளரின் தாயும் மூலிகை அறிந்தவர். கதைத் தாய் ஆவியை அழைக்கிறாள். அப்படியானால்? மேலே சொல்ல வேண்டுவதில்லை. ஊர் வாய் மிச்சத்தைச் சொல்லிக்கொள்ளும்.

1615-இல் கண்ணாடித் தொழிலாளி ஒருவரின் மனைவி, ‘கத்தரீனா கொடுத்த கசப்பான பானத்தால் நான் நோயாளியானேன், அவள் சூனியக்காரி’ என்று குற்றஞ்சாட்டினாள். பழைய பகைகளெல்லாம் அதனோடு சேர்ந்தன. யாருக்கோ கால் வலித்தது. யாருடைய விலங்கோ செத்தது. எல்லாம் கத்தரீனாவின் வேலை எனலாயிற்று. 1620 ஆகஸ்டில், எழுபதைக் கடந்த அம்மூதாட்டியை மகள் வீட்டில் நள்ளிரவில் பிடித்து, பெட்டிக்குள் வைத்துத் தூக்கிச் சென்றனர். பதினான்கு மாதம் சிறை; காலில் சங்கிலி.

கெப்ளர் அப்போது லின்ஸ் நகரில் இருந்தார். வேலையை விட்டார், குடும்பத்தோடு புறப்பட்டார், ஓராண்டுக்கு மேல் தாயின் வழக்கையே தம் வேலையாகக் கொண்டார். நூறு பக்கத்துக்கு மேற்பட்ட எதிர்வழக்குரை எழுதினார். நோய் ஒவ்வொன்றுக்கும் இயற்கையான காரணம் உண்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்காட்டினார். 1621 செப்டம்பரில் கொலைஞன் வதைக்கருவிகளைக் கத்தரீனாவின் கண்முன் பரப்பி வைத்து, ‘ஒப்புக்கொள்’ என்று அச்சுறுத்தினான். அவர் ஒப்பவில்லை. விடுதலையானார். 1622 ஏப்ரலில் இறந்தார்.

தம் கதையே தாய்க்குத் தீயாயிற்று என்று கெப்ளர் எண்ணினார். வழக்கைத் துருவி ஆராய்ந்த பிற்காலத்தார் இதனை ஒப்புவதில்லை. ஊர்ப்பகையே முதற்காரணம் என்பர். இருக்கலாம். ஆயினும் அம்மகன் நெஞ்சில் அது முள்ளாகத் தங்கிற்று. அம்முள்ளை யான் அறிவேன்.

எங்கள் லயத்துக் கிழவி

பேராக்கில் ஒரு தோட்டம். எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு மூதாட்டி தனியே வாழ்ந்தாள். பகலெல்லாம் புல்வெட்டு வேலை. பிள்ளைக்குச் செரியாமையா, பிரசவித்தவளுக்கு உடல்வலியா, அவளிடந்தான் போவார்கள். ‘கஷாயப் பாட்டி’ என்பதே அவள் பெயர். பகலில் ஓய்வில்லாமையால் நிலவுள்ள இரவுகளில் காட்டோரம் சென்று இலை பறிப்பாள். ஒருநாள் இரவு கொல்லைப்பக்கம் போன யான், அவள் நிலவொளியில் முகத்தை உயர்த்தி நிற்பதைக் கண்டேன். கண்டது அவ்வளவே.

மறுநாள் குழாயடியில் பிள்ளைகளிடம், ‘பாட்டி நிலாவோடு பேசுகிறாள், நிலாவிலிருந்து ஒரு பாம்பு இறங்கி வந்து அவளுக்கு இலை கொடுக்கிறது’ என்றேன். பிள்ளைகள் வாய்பிளந்தார்கள். அவர்கள் பிளந்த வாய் எனக்கு இனித்தது. 1969 ஜூலை 21, நம் நாட்டு நேரப்படி காலையில், மனிதன் நிலவில் கால் வைத்தான் என்று வானொலி கூறிற்று. தோட்டமெங்கும் நிலவைப் பற்றியே பேச்சு. என் கதைக்கும் புதிய விலை ஏறிற்று. மரத்தடியில் முடிவெட்டுவோன் முன் குந்தியிருந்த பெரியவர்களும் அதைப் பேசினார்கள். கதையில் யான் வைக்காத கைகால்கள் முளைத்தன.

சில கிழமைக்குப் பின் பக்கத்து லயத்தில் கைக்குழந்தையொன்று சுரத்தில் இழுப்பு வந்து இறந்தது. பிரசவத்துக்குப் பின் அத்தாய் குடித்தது பாட்டியின் கஷாயம். கோடாங்கியை அழைத்தார்கள். அவர் உடுக்கடித்து, ஆடி, ‘நிலாவோடு பேசுறவ ஒருத்தி இருக்கா’ என்றார். அது என் சொல். அவர் வாயிலிருந்து என் சொல் வந்து விழுந்தபோது என் வயிற்றில் ஏதோ புரண்டது. அன்றிரவு பாட்டியின் தகரக் கூரைமேல் கல் விழுந்தது, மறுநாளும் விழுந்தது. மூன்றாம் நாள் விடியலில் அவள் ஒரு மூட்டையோடு புறப்பட்டாள். யாரும் கதவு திறக்கவில்லை. என் அம்மா மட்டும் ஒரு சேர் அரிசியை முடிந்து கொடுத்து, செம்மண் சாலை முனைவரை உடன் நடந்து போய் வந்தார்.

திரும்பி வந்து என்னைத் தனியே அழைத்தார். அடிக்கவில்லை. “நீ பாத்தியாடா?” என்றார்.

“நிக்கிறத பாத்தேம்மா.”

“பேசுனத?”

யான் வாய் திறக்கவில்லை. அம்மாவும் அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. கெப்ளர் தாய்க்காக நூறு பக்கம் எழுதினார். எனக்கு வேண்டியிருந்தது ஒரே சொல்: ‘பொய்’ என்னும் இரண்டெழுத்து. கோடாங்கி ஆடியபோது எழுந்து அதைச் சொல்லியிருந்தால் பிள்ளையின் பேச்சு என்று தள்ளியிருப்பார்களோ, கேட்டிருப்பார்களோ, அறியேன். சொல்லவில்லை என்பது மட்டும் உறுதி.

223 குறிப்புகள்

தாய் இறந்தபின் கெப்ளர் செய்ததென்ன? கதையைத் தீயிலிடவில்லை. அதற்குக் குறிப்பெழுதினார். 1620-க்கும் 1630-க்கும் இடையே 223 குறிப்புகள். இது யான் தொலைநோக்கியில் கண்டது. இது கணக்கிட்டு அறிந்தது. இது பழைய நூலோர் சொன்னது. இது வெறும் விளையாட்டு என்று வரிவரியாகப் பிரித்தார். ஆவி என்றது யாரை? அறிவியலையே ஆவி என்றேன் என்று விளக்கினார். மூலிகைத் தாய் யார்? ஏட்டுக்கல்வி இல்லாத வெறும் பட்டறிவு. அதன் வயிற்றிலேயே அறிவியல் என்னும் மகன் பிறக்கிறான் என்றார். அறியாமை மக்களிடையே உயிரோடிருக்குமளவும் அறிவியல் தன் மறைபொருளைத் திறந்து சொல்லுதல் ஆபத்து என்றும் எழுதினார். அது கசப்பில் எழுதிய வரி.

அக்குறிப்புகளைப் படிக்கையில் என் காதில் ஒலித்தது அம்மாவின் கேள்வி: ‘நீ கண்டாயா?’ கெப்ளர் 223 முறை அக்கேள்விக்கு விடை சொல்கிறார். கதையும் புரளியும் வேறுபடுமிடம் இதுவே. கற்பனை இரண்டிலும் உண்டு. பாம்பும் இரண்டிலும் உண்டு. கதை, ‘யான் கதை’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வரும். எங்கிருந்து வந்தாய் என்றால் வழி சொல்லும். புரளி ‘கண்டேன்’ என்று வரும். யார் கண்டது என்றால் கூட்டத்துக்குள் மறையும். கற்பனை செய்யாதே என்பது பகுத்தறிவன்று. கற்பனையைக் கணக்குக் கேள் என்பதே பகுத்தறிவு.

கெப்ளர் பிழையே செய்யாதவரல்லர். நிலவில் காணும் வட்டக் குழிகள் அங்குள்ளோர் வெயிலுக்கு அஞ்சி அகழ்ந்த ஊர்கள் என்று மனமார எண்ணினார். நிலவில் நீரும் காற்றும் நிறைய உண்டு என்றும் நம்பினார். இவை தவறு. ஆனால் ஏன் அவ்வாறு எண்ணினார் என்பதையும் கூடவே எழுதிவைத்தார். ஆகவே பின்வந்தோர் அவரைத் திருத்த முடிந்தது. 1630-இல் அவர் இறந்தார். அச்சுவேலையை மேற்கொண்ட மருமகனும் இறந்தார். மகன் லூத்விக் 1634-இல் நூலை வெளியிட்டார்.

இன்று நாம் அறிவன

இன்று நாம் அறியும் நிலவில் பாம்பில்லை, ஓடமில்லை. மூச்சு விடக் காற்றில்லை. நிலநடுக்கோட்டருகே நண்பகலில் வெப்பம் ஏறக்குறைய 120 பாகை. இரவில் சுழிக்குக் கீழே 130 பாகை. துருவத்தில் கதிரவனையே காணாத பள்ளங்களில் அதனினும் கொடிய குளிர். அங்கே உறைபனி உண்டு. ஆக, வெயிலும் குளிரும் பற்றிக் கெப்ளர் சொன்னது பெரிதும் நின்றது, உயிர்கள் நிற்கவில்லை.

ஒன்றைத் தவிர. 2019 ஜனவரி 3-ஆம் நாள் சீனரின் சாங்’இ-4 கலம் நிலவின் மறுபக்கத்தில், அதாவது கெப்ளரின் பிரிவொல்வாவில், இறங்கிற்று. அதனுள் மூடிய குடுவையொன்றில் மண்ணும் நீரும் விதைகளும் வைத்திருந்தனர். பருத்தி விதை முளைத்தது. நிலவில் முளைத்த முதற் பயிர் அதுவே. பிறகு இரவு வந்தது. குடுவையைச் சூடாக்க வழியில்லை. உள்ளே சுழிக்குக் கீழே 52 பாகை. வெளியே 190 பாகை வரை குளிர் இறங்கிற்று. முளை மடிந்தது. லெவானியாவின் செடிகள் ஒரு பகலில் பிறந்து அப்பகலிலேயே மடியும் என்று எழுதிய கை, மண்ணாகி நானூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. அச்செய்தியை நாளிதழில் கண்ட அன்று யான் நெடுநேரம் பேசாதிருந்தேன்.

2023 ஆகஸ்ட் 23-இல் இந்தியாவின் சந்திரயான்-3 தென்துருவத்தின் அருகே இறங்கிற்று. அத்திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் என்றறிந்து தமிழர் பலர் மகிழ்ந்தோம். அதன் வாழ்நாளும் ஒரு நிலாப்பகலே. செப்டம்பர் முதற்கிழமையில் கலத்தை உறங்கவைத்தனர். இரவு கழிந்து எழுப்பிப் பார்த்தனர், எழவில்லை. பிரிவொல்வாவின் இரவைத் தாங்க ஓடுவதோ குகைபுகுவதோ வேண்டும் என்று கெப்ளரின் உயிர்கள் அறிந்திருந்தன.

2025 செப்டம்பர் 8-ஆம் நாள் விடியற்கு முன் முழு நிலவுக் கிரகணம். பேத்தியை எழுப்பி வாயிலுக்கு அழைத்துச் சென்றேன். முகில் விலகிய சில நிமிடம் நிலவு செம்பு நிறமாகத் தெரிந்தது. ‘இப்போது நிழல்பாலம் போட்டிருக்கிறது; ஆவிகள் ஏறுகின்றன’ என்று கெப்ளரின் கதையைச் சொன்னேன். அவள் உற்று நோக்கி, “ஆமாம் தாத்தா, வாலுள்ள ஒன்று போகிறது!” என்றாள்.

“நீ கண்டாயா?”

“இல்லை தாத்தா. சும்மா சொன்னேன். கதைக்கு.”

“அப்படியானால் சொல்” என்றேன். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்; யான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வீட்டினுள் வந்து படுத்தபின் உறக்கம் வரவில்லை. கத்தரீனா கெப்ளர் என்னும் பெயர் வழக்கேடுகளில் நிலைத்துவிட்டது. அவர் குற்றமற்றவர் என்பதற்கு மகன் எழுதிய எழுத்தும் நிலைத்துவிட்டது. எங்கள் லயத்து மூதாட்டிக்கு என்ன பெயர்? தோட்டத்துப் பெயர்ப்பதிவில் இருந்திருக்கும். யான் ஒருநாளும் கேட்டதில்லை. அவளைப் பற்றி யான் கண்டதாக எழுதத்தக்கது ஒன்றே ஒன்று உண்டு: நிலவொளியில் இலை பறிக்க வந்த அவள், இடுப்பை நிமிர்த்தி, முகத்தை உயர்த்திச் சற்றே நின்றாள். நாளெல்லாம் குனிந்து புல் வெட்டியவள், முதுகு வலியாற நின்றிருப்பாள்.